காய்ச்சலே வராத பிள்ள

புஜ்ஜி. ஏ புஜ்ஜிம்மா. மாமன் வந்துருக்கேன் பாரு.

அக்கா ஊட்டுக் கதவத் தொறக்கும்போது இப்படித்தான் கூப்பிடுவேன். செருப்பக் கழட்டறதுக்கு முன்னாடியே கூப்பிட்டுருவேன். இப்பவும் அங்க போனா வாய் தானா தொறக்குது. அப்புறம் மூடிக்குது. அக்கா அதப் பாத்துட்டு உள்ள போயிடும். நான் வாசல்லயே கொஞ்ச நேரம் நின்னுட்டு, தண்ணி குடு அக்கான்னு வேற ஏதாச்சும் பேசிக்கிட்டு உள்ள போவேன்.

அவளுக்கு வச்ச பேரு வேற. அத யாரும் கூப்பிட்டதே இல்ல. எதிர் ரூம் ஆன்ட்டி தெலுங்குக்காரங்க, அவங்கதான் புஜ்ஜி புஜ்ஜின்னு ஆரம்பிச்சாங்க, அதே நின்னுடுச்சு. நான் எட்டாவதோட நின்னவன். பேசற மாதிரிதான் எழுதத் தெரியும். போன்லயே அமுக்கி அமுக்கி எழுதறேன், தப்பு இருந்தா பொறுத்துக்கங்க.

புஜ்ஜி எங்க அக்கா பொண்ணு. மொதப் பிள்ள. எங்க அம்மா போனப்புறம் எனக்கு அக்காதான் எல்லாமே. அக்காவும் மாமாவும், மாமான்னா அக்கா புருசன், சூளகிரில ஒரு லைன் வீட்டுல இருக்காங்க. மாமாவுக்கு ரோஸ் பண்ணைல வேல. பாலித்தீன் கொட்டாய்க்குள்ள நின்னு பூ வெட்டணும், மருந்து அடிக்கணும். அக்கா ஒரு கம்பெனில வண்டிக்கு ஒயர் கட்டற லைன்ல இருக்குது. நான் ஓசூர்ல பசங்களோட ரூம் எடுத்துக்கிட்டு ஒரு கம்பெனில கான்ட்ராக்ட்ல இருக்கேன். ஞாயித்துக்கிழம ஆனா சூளகிரி பஸ் ஏறிடுவேன். வேற எங்க போறது, எனக்கு இருக்கறது அந்த ஒரு ஊடுதான்.

பொறந்தப்ப அவ நல்லாதான் இருந்தா. கன்னம் ரெண்டும் புஸ்ஸுன்னு இருக்கும். அவளுக்குப் பல்லு மொளைக்கற சமயம் அக்காவுக்கு மறுபடியும் தங்கிடுச்சு. வயித்துல ஒன்னு வந்துட்டா அந்தப் பால் கைப்பிள்ளைக்கு ஆகாது, அது கெட்ட பாலுன்னு எங்க பக்கம் சொல்லுவாங்க. தெரிஞ்ச அன்னிக்கே நிறுத்திட்டாங்க. வேப்பில அரைச்சு மாருல தடவிக்கிச்சு அக்கா. புஜ்ஜி கிட்ட வருவா, மோந்து பாப்பா, மூஞ்சியத் திருப்பிக்கிட்டு அழுவா. கொஞ்ச நேரம் கழிச்சு மறுபடியும் வந்து மோந்து பாப்பா. இப்ப மாறியிருக்கும்னு நினைச்சிருப்பா போல.

பகல்ல ஆன்ட்டிதான் பாத்துக்குவாங்க. ஆன்ட்டியக் கொற சொல்ல மாட்டேன், தன் பிள்ள மாதிரிதான் வச்சிருந்தாங்க. கெட்டிப் பால் குடுத்தா செரிக்காதுன்னு பாக்கெட்டுப் பால்ல தண்ணி ஊத்திக் காய்ச்சிக் குடுப்பாங்க. பிஸ்கட்ட டீல நனைச்சுக் குடுப்பாங்க. கஞ்சித் தண்ணி குடுப்பாங்க. அவளும் வாங்கிக்குவா. அப்புறம் வயித்தால போகும். போனா எல்லாத்தையும் நிறுத்துவோம். நின்னா மறுபடி ஆரம்பிப்போம். இப்படியே போயிப் போயி கை கால் குச்சியாயிடுச்சு. பின்பக்கம் தோலு சுருங்கித் தொங்குச்சு. மூஞ்சி மட்டும் ஏதோ வயசான ஆளு யோசிக்கற மாதிரி இருக்கும். மாமா அவளத் தூக்கி வச்சுக்கிட்டு, "என்ன மேனேஜர், இன்னிக்கு என்ன டென்ஷன்" ம்பாரு. அவ அவரையே பாப்பா. சிரிக்க மாட்டா.

எல்லாரும் சொன்னது ஒரே வார்த்த, சவலை. தாய்க்கு அடுத்தது தங்கிட்டா மூத்தது சவலையாப் போகும், அடுத்தது பொறந்துட்டா தானா தேறிக்கும்னாங்க. தோஷமும் இருக்கும், மொட்ட அடிச்சுக் காது குத்திடுங்க, சாமி பாத்துக்கும்னாங்க. அங்கன்வாடி டீச்சர் ஒரு நாள் ஊட்டுக்கே வந்து, பிள்ள கைல ஒரு கலர் நாடாவச் சுத்திப் பாத்துட்டு, "செகப்புல நிக்குதும்மா. கிருஷ்ணகிரிக்குத் தூக்கிட்டுப் போங்க, அட்மிட் பண்ணிப்பாங்க" ன்னாங்க. அக்கா சரின்னுச்சு. மாமாவும் போலாம்னாரு. ஆனா அதுக்குள்ள காது குத்துக்கு நாள் குறிச்சாச்சு, சொந்தக்காரங்களுக்கெல்லாம் சொல்லியாச்சு. அத முடிச்சுட்டுப் போலாம்னு ஆச்சு. போகக் கூடாதுன்னு யாருக்கும் இல்லைங்க. மொதல்ல சாமி, அப்புறம் டாக்டருன்னு ஒரு வரிச. அந்த வரிசைல நின்னோம், அவ்ளோதான்.

தாய்மாமன் நான் ஒருத்தன்தான். என் மடில உக்கார வச்சுத்தான் மொட்ட அடிக்கணும், என் மடிலதான் காது குத்தணும். சீர்த்தட்டுல தோடு, துணி, பழம் எல்லாம் வச்சேன். அதோட வெள்ளிக் கொலுசு, அது நானா ஆசப்பட்டு வாங்குனது. கடைக்காரரு பிள்ளைக்கு என்ன வயசுன்னு கேட்டாரு. சொன்னேன். அந்த வயசுப் பிள்ளைக்கு எது பத்துமோ அத எடுத்துக் குடுத்தாரு. கோயில்ல போட்டுப் பாத்தா ரெண்டும் குதிகாலத் தாண்டிக் கழண்டு விழுது.

மாமாவோட அக்கா ஒருத்தங்க இருக்காங்க, வாய் சும்மா இருக்காது. "ஏன்டா, மருமவளுக்குக் கொலுசு வாங்குனியா, உனக்கு வளையல் வாங்குனியா?"

"வளருவா அண்ணி."

"வளரட்டும், வளரட்டும். அது வரைக்கும் நீ போட்டுக்கிட்டுக் கம்பெனிக்குப் போ."

எல்லாரும் சிரிச்சாங்க. நானும்தான். மாமா ஒரு கருப்புக் கயித்த எடுத்து, கொலுசக் கால்ல சேத்து வச்சுக் கட்டினாரு.

பக்கத்துல வேற குடும்பத்துப் பிள்ளைங்களும் மொட்டைக்கு வந்திருந்துச்சுங்க. கத்தியப் பாத்ததும் ஒன்னொன்னும் ஊரக் கூட்டுது, நாலு பேரு புடிச்சு அமுக்கறாங்க. புஜ்ஜி என் மடில அப்படியே இருந்தா. தண்ணி தலைல ஊத்துனப்பக்கூட அசையல. அப்புறம் ஆசாரி வந்து காதத் தொட்டாரு. ஊசி ஏறுனப்ப அவ ஒடம்பு ஒரு தடவ சிலுத்துச்சு. வாயத் தொறந்தா. நல்லா அகலமாத் தொறந்தா. சத்தம் வரல. கண்ணுல தண்ணியும் வரல. கொஞ்ச நேரம் அப்படியே தொறந்து வச்சிருந்துட்டு மூடிக்கிட்டா.

"தங்கமான பிள்ளம்மா. எத்தனையோ காது குத்திருக்கேன், இப்படிக் கம்முனு இருந்த பிள்ளையப் பாத்ததில்ல" ன்னாரு ஆசாரி.

அக்காவுக்கு அவ்ளோ பெரும. எனக்கும் பெருமதான். மாமன் மடிங்கறதாலதான் அழலன்னு நானே ரெண்டு மூணு பேருகிட்ட சொன்னேன். இப்ப எனக்குக் கண்ணுல நிக்கறது அந்த வாய்தான். கம்பெனில மெஷின் எல்லாம் ஒரே நேரத்துல நிக்கும், பவர் கட்டுல. அந்த ஒரு நிமிசம் எனக்கு ஆகாது. எங்கயோ ஒரு வாய் தொறந்திருக்கு, சத்தம் இனிமேதான் வரப் போவுதுன்னு தோணும். ஜெனரேட்டர் போட்டப்புறம்தான் எனக்கு மூச்சு வரும்.

காது குத்துனா கொஞ்சம் செவக்கும், வீங்கும், சீழு கட்டும், ஒடம்பு காயும், பிள்ள நைநைன்னு அழுவும். எல்லா ஊட்டுலயும் நடக்கறதுதான. புஜ்ஜிக்கு எதுவுமே இல்ல. செவக்கல. வீங்கல. ஓட்ட மட்டும் ஈரமாவே இருந்துச்சு, ஆறாம. ஆன்ட்டி வீடியோ கால்ல காதக் கிட்டக் காட்டுனாங்க. "சூடு தம்பி, ஏமி லேது" ன்னாங்க. தெலுங்குல சூடுன்னா பாரு. பாரு தம்பி, ஒன்னுமே இல்லன்னு. நெத்திலயும் கன்னத்துலயும் கை வச்சுப் பாத்துட்டு, "ஜொரம் கூட லேது, சல்லகா உந்தி" ன்னாங்க. காய்ச்சல்கூட இல்ல, குளுந்து இருக்குன்னு. ஆசாரிக்கு ராசியான கைன்னு லைன் வீடு பூரா பேசிக்கிட்டாங்க. அவங்கவங்க பிள்ளைங்களுக்கும் அவரையே கூப்பிடணும்னு பேச்சு.

கொஞ்ச நாள்ல அக்கா போன் பண்ணுச்சு. நான் கேன்டீன்ல இருந்தேன்.

"டேய், கொலுசு இப்பக் கழலறதே இல்லடா. கயித்த அவுத்துட்டேன். கால்ல கரெக்டா பத்துது."

"நெஜமாவாக்கா?"

"சாமி சத்தியமா. கால் நல்லா பூசினாப்புல ஆயிருக்கு. மூஞ்சிகூட உருண்டையா இருக்குது. அண்ணிக்குப் போட்டோ அனுப்புனேன், இப்ப வாயே தொறக்கல."

"சாப்புடறாளா?"

"கொஞ்சமா சாப்புடுது. ஆனா அடம் புடிக்கறதே இல்லடா. வச்ச எடத்துல கம்முனு இருக்குது."

அன்னிக்கு ரூம் பசங்களுக்கெல்லாம் நான் டீயும் பப்ஸும் வாங்கிக் குடுத்தேன். என்ன விசேசம்னு கேட்டாங்க. மருமவ தேறிட்டான்னு சொன்னேன். கிருஷ்ணகிரிக்குப் போற பேச்சு அதோட நின்னுடுச்சு. தேறிட்ட பிள்ளையத் தூக்கிக்கிட்டு எதுக்கு ஆஸ்பத்திரி வாசல்ல நிக்கணும்னு மாமாவும் நினைச்சிட்டாரு.

அடுத்த ஞாயித்துக்கிழம மாம்பழம் வாங்கிக்கிட்டுப் போனேன். சீசன், ரோடு பூரா மாம்பழ வண்டி. கதவுகிட்ட நின்னு எப்பவும் போலக் கூப்பிட்டேன். அவ ஆன்ட்டி மடில சாஞ்சிருந்தா. திரும்பிப் பாக்கல. அக்கா சொன்ன மாதிரி மூஞ்சி உருண்டையாதான் இருந்துச்சு, ஆனா கண்ணு ரெண்டும் அந்த மூஞ்சியோட சேரல. உள்ள வேற யாரோ இருந்து பாக்கற மாதிரி இருந்துச்சு.

தூக்கினேன். அவ கால் என் கைல பட்டுச்சு. ஜில்லுன்னு இருந்துச்சு. வெளிய வெயில் கொளுத்துது, லைன் வீட்டுல தகரக் கூர, எனக்கு வேர்த்து ஊத்துது, அவ கால் ஜில்லுன்னு இருக்குது.

"ஏன்க்கா இவ்ளோ ஜில்லுன்னு இருக்கா?"

"நல்லதுதானடா. சூடு இல்ல."

மாமா பாய்ல படுத்திருந்தவரு சொன்னாரு, "மச்சான் ஏசிக் கம்பெனிக்காரன் ஆச்சே. தொட்டதெல்லாம் அவனுக்கு ஜில்லுன்னுதான் தெரியும்."

நான் சிரிச்சுக்கிட்டே உக்காந்தேன். கொலுசு ரொம்ப இறுக்கமாத் தெரிஞ்சுது, கொஞ்சம் தளத்தலாம்னு மேல தள்ளுனேன். கொலுசு இருந்த எடம் பள்ளமா நிக்குது. ஒவ்வொரு மணியும் தோல்ல அச்சா பதிஞ்சிருக்கு. என் வெரலால பக்கத்துல அமுக்கிப் பாத்தேன். குழி விழுந்துச்சு. வெரல எடுத்துட்டேன், குழி அப்படியே நிக்குது. ஈரக் களிமண்ணுல அமுக்குன மாதிரி. மேல எழும்பவே இல்ல.

அக்காவும் அதப் பாத்துச்சு. கிட்ட வந்து உக்காந்து அதுவும் ஒரு வெரல் வச்சு அமுக்குச்சு. இன்னொரு குழி. "இது சதை இல்லடா" ன்னுச்சு. ரொம்ப மெதுவா, யாருக்கும் கேக்கக் கூடாதுங்கற மாதிரி.

நான் ஒரு மாம்பழத்தக் கடிச்சு, ஒரு சொட்டு சாறு அவ ஒதட்டுல வச்சேன். நாக்கு வரல. அந்த மஞ்சச் சொட்டு அப்படியே ஒதட்டுல நின்னுச்சு. மாமா எந்திரிச்சுச் சட்டையப் போட்டாரு. போயி ஆட்டோ கூட்டிக்கிட்டு வந்தாரு.

ஹைவேல லாரிக்கு நடுவுல போறோம். அவளுக்குக் காத்தோட்டமா இருக்கட்டும்னு ஒரு மெல்லிசுத் துண்டுலதான் சுத்திருந்தோம். வெயிலாச்சேன்னு. அந்தக் காத்துல அவ இன்னும் ஜில்லுன்னு ஆனது எங்களுக்குத் தெரியல.

கிருஷ்ணகிரி ஆஸ்பத்திரில நர்ஸ் கேட்டாங்க, "பாப்பாவுக்கு என்ன பண்ணுது?"

"கால் வீங்கிருக்கு மேடம். சாப்புடல. மத்தபடி காய்ச்சல் எல்லாம் இல்ல" ன்னேன். நல்ல சேதி சொல்ற மாதிரிதான் சொன்னேன்.

அவங்க காலத் தொட்டாங்க, வயித்தத் தொட்டாங்க, கக்கத்துல தெர்மாமீட்டர் வச்சு எடுத்துப் பாத்தாங்க. "காய்ச்சல் இல்லங்கறதுதாம்பா பயமா இருக்கு" ன்னுட்டு டாக்டரக் கூப்பிடப் போனாங்க. நடந்து போகல, ஓடுனாங்க.

டாக்டர் சின்ன வயசு மேடம். கை ஒரு பக்கம் வேல செஞ்சுகிட்டே இருக்குது, வாய் எங்ககிட்ட பேசுது. வீக்கம் சத்து இல்லாம வர்ற நீரு, பிள்ள குண்டாகல, ரொம்ப மோசமாயிருக்குன்னாங்க. அப்புறம் சொன்னாங்க, "கிருமி வந்தா ஒடம்பு சண்ட போடும்ப்பா. அந்தச் சண்டதான் காய்ச்சல். புண்ணு செவக்கறது, சீழு கட்டறது எல்லாம் அந்தச் சண்டதான். அதுக்குத் தெம்பு வேணும். இந்தப் பிள்ளகிட்ட சண்ட போட ஒன்னுமே இல்ல. கிருமி சத்தமில்லாம உள்ள போயிருக்கு."

"எது வழியா மேடம் போச்சு? காது வழியாவா?" அக்கா கேட்டுச்சு.

"காதா இருக்கலாம், நெஞ்சா இருக்கலாம், வயிறா இருக்கலாம். இப்ப அதத் தேடிக்கிட்டு இருக்க நேரம் இல்லம்மா. மருந்து ஒடனே போடறோம்."

"பொழச்சுக்கும்ல மேடம்?" மாமா கேட்டாரு.

"மொத சில நாள் தாண்டணும்."

காய்ச்சலுக்கே தெம்பு வேணும்ங்கறது எங்க யாருக்கும் தெரியாது. காய்ச்சல் வந்தாதான் ஆஸ்பத்திரின்னு வளந்தவங்க நாங்க.

சக்கரத் தண்ணி குடுத்தாங்க, ஊசி போட்டாங்க. மொட்டத் தலைக்கு ஒரு குல்லா போட்டாங்க, சூடெல்லாம் தல வழியாப் போயிடுதுன்னு. அப்புறம் நர்ஸ் வந்து, "யாராச்சும் சட்டையக் கழட்டிட்டு பிள்ளைய நெஞ்சோட ஒட்டி வச்சுக்கங்க, ஒங்க ஒடம்புச் சூடு பிள்ளைக்குப் போகணும்" ன்னாங்க. அக்காவுக்கு வயிறு பெருசாயிருந்துச்சு, அது சரியாப் படுக்கவே முடியாது. மாமா சட்ட பட்டன்ல கை வச்சாரு, அப்புறம் எடுத்துட்டாரு. தன் கைய மோந்து பாத்தாரு. "எம்மேல பண்ணை மருந்து வாடை அடிக்குது. மச்சான், நீ புடி."

கம்பெனிப் பனியனக் கழட்டிட்டு சாஞ்சு உக்காந்தேன். அவள என் நெஞ்சுல வச்சு மேல போர்வ போத்துனாங்க. மொதல்ல ஈரத் துணியப் போட்ட மாதிரி இருந்துச்சு. எடையே இல்ல. மெதுவா மெதுவா என் சூடு அவளுக்குப் போறது எனக்குத் தெரிஞ்சுது. மொதல்ல வயிறு. அப்புறம் முதுகு. கால் மட்டும் ரொம்ப நேரம் ஜில்லுன்னே இருந்துச்சு, ரெண்டு காலையும் என் கைக்குள்ள வச்சுக்கிட்டேன். அவ மூக்கு என் கழுத்துகிட்ட இருந்துச்சு. அந்த மூச்ச நான் கேட்டுக்கிட்டே இருந்தேன்.

பால் ஸ்பூன்ல கொஞ்சூண்டு கொஞ்சூண்டா குடுத்தாங்க. அக்காவுக்குத் தாங்கல. "பசியோட இருக்குதே மேடம், இன்னும் ரெண்டு ஸ்பூன் குடுக்கலாம்ல" ன்னு கெஞ்சும். "ஒரேடியா குடுத்தா இதயம் தாங்காதும்மா, மெதுவாத்தான் ஏத்தணும்" பாங்க. அக்கா தலையாட்டும். அடுத்த தடவ மறுபடியும் கேக்கும்.

ஒரு நாள் காலைல அவ அழுதா. பூனைக்குட்டி மாதிரி ஒரு சத்தம், அவ்ளோதான். வார்டுல எல்லாரும் திரும்பிப் பாத்தாங்க. எதிர் கட்டில்ல பிள்ள வச்சிருந்த ஒரு அம்மா, "அழுவுதா? அப்பப் பொழச்சுக்கும் விடு" ன்னாங்க. அக்கா சிரிச்சுச்சு. நெசமாவே வாய் விட்டுச் சிரிச்சுச்சு. மாமா கிட்ட வந்து, "மேனேஜர் சத்தம் போடறாரு, எல்லாரும் வேலையப் பாருங்க" ன்னாரு. புஜ்ஜி என் கழுத்துல இருந்த சாமிக் கயித்தப் புடிச்சிருந்தா. நல்லா இறுக்கிப் புடிச்சிருந்தா. அன்னிக்குப் பகல் பூரா நாங்க அடுத்த வருசம் பத்திப் பேசுனோம். அவளுக்குத் தம்பி பொறந்தா எப்படிச் சண்ட போடுவான்னு பேசுனோம்.

மறுநாள் சத்தம் இல்ல. டாக்டர் வந்து வேற மருந்து மாத்துனாங்க. ஆக்சிஜன் வச்சாங்க. மத்தியானம் சாப்பாட்டு வண்டி வந்துச்சு. அக்கா தட்டு வாங்கப் போச்சு, மாமா தண்ணி புடிக்கப் போனாரு. நான் அவள நெஞ்சுல வச்சுக்கிட்டு சாஞ்சிருந்தேன். அவ சூடாதான் இருந்தா. முதுகு, வயிறு, கால்கூட அன்னிக்குச் சூடா இருந்துச்சு. நர்ஸ் வந்து குனிஞ்சு பாத்தாங்க. தொட்டுப் பாத்தாங்க. ஸ்டெத் வச்சுப் பாத்தாங்க. ஓடிப் போயி டாக்டரக் கூட்டிக்கிட்டு வந்தாங்க. அவங்களும் என்னென்னவோ பண்ணிப் பாத்தாங்க. அப்புறம் என் தோள்ல கை வச்சாங்க.

எனக்குப் புரியல. "சூடா இருக்காளே மேடம்" ன்னேன்.

"அது உன் சூடுப்பா" ன்னாங்க.

இதுக்கு மேல அத எழுத எனக்கு வரல.

சின்னப் பிள்ளையாச்சே, பாடை கட்டல, மேளம் இல்ல. மாமா கைலயே தூக்கிக்கிட்டு நடந்தாரு. வயித்துப் பிள்ளக்காரி அந்தப் பக்கம் பாக்கக் கூடாதுன்னு அக்காவ ஊட்டுக்குள்ளயே உக்கார வச்சுட்டாங்க. அதனால அக்கா அவள மண்ணுல வைக்கறதப் பாக்கவே இல்ல. சின்னதுக்குக் காரியம் கிடையாதுன்னாங்க. கருமாதி கிடையாது, வருசத் தெவசம் கிடையாது, போட்டோ மாட்டக் கூடாது, பேரச் சொல்லி அழக் கூடாது, அழுதா அடுத்ததுக்கு ஆகாதுன்னாங்க. போனது போச்சு, அதான் வயித்துல ஒன்னு இருக்குதே, மறந்துடுன்னு அக்காகிட்ட ஆளாளுக்குச் சொன்னாங்க. அக்கா எல்லாருக்கும் சரி சரின்னு தலையாட்டுச்சு. நான் மறுநாளே கம்பெனிக்குப் போயிட்டேன், வேற என்ன செய்யறதுன்னு தெரியல.

கம்பெனில எனக்கு இப்ப இரும்புச் சாமான் தொடற வேல ஆக மாட்டேங்குது. ஏசி ரூம்ல வச்சிருக்கற பார்ட்ட எடுக்கும்போது கை பின்னாடி போவுது. கிளவுஸ் ரெண்டு போட்டுக்கறேன். சூப்பர்வைசர் கன்னடக்காரரு, ஏனப்பா ரெண்டுன்னு கேட்டாரு, குளிருது சார்ன்னேன். ரூம்ல யாருக்காச்சும் காய்ச்சல்னு படுத்தா நான் போயி நெத்தியத் தொட்டுப் பாப்பேன். நல்லா கொதிக்கும். கைய எடுக்கவே மனசு வராது. பசங்க கிண்டல் பண்ணுவானுங்க, "டாக்டர் வந்துட்டாருடா, நாக்க நீட்டுங்கடா" ன்னு. பஸ்ல உக்காந்து தூங்குனா நெஞ்சு மேல ஒரு ஈரத் துணி இருக்கற மாதிரி முழிச்சுக்குவேன். தொட்டுப் பாத்தா ஒன்னும் இருக்காது. ஆனா அந்த எடம் மட்டும் கொஞ்சம் ஜில்லுன்னு இருக்கும். இத யாருகிட்டயும் சொன்னதில்ல.

அக்காவுக்குப் பையன் பொறந்தான். அக்கா வேலைக்குப் போறத நிறுத்திடுச்சு. அவனுக்குப் பால் குடுக்கும்போது கண்ண எடுக்காமப் பாத்துக்கிட்டே இருக்கும். அவன் கம்முனு தூங்குனா எழுப்பி விட்டுரும். அழுதாதான் அதுக்கு நிம்மதி. மாமா அவன மேனேஜர்னு கூப்பிடறதில்ல.

ஒரு நாள் பையனுக்குத் தடுப்பூசி போட்டுட்டு வந்தாங்க. சாயங்காலம் போன் வந்துச்சு. அக்கா மூச்சு வாங்குது, சிரிக்குதா அழுவுதான்னு தெரியல.

"டேய். காய்ச்சல் வந்துருச்சுடா. நல்லா கொதிக்குதுடா. தொட முடியல."

"ஆஸ்பத்திரிக்குப் போலாமாக்கா? நான் வரட்டுமா?"

"நர்ஸம்மா சொன்னாங்கடா ஊசி போட்டா வரும்னு. மருந்து குடுத்துருக்காங்க. கத்தறான் பாரு, கேளு, கேளு."

போன அவன் வாய்கிட்ட வச்சுச்சு. அவன் ஊரே கேக்கற மாதிரி கத்துனான். பின்னாடி ஆன்ட்டி தெலுங்குல திட்டறது கேக்குது, பிள்ளைக்கு ஜொரம்னா இது சிரிக்குதே, பைத்தியமான்னு. அக்கா போன மறுபடி தன் காதுல வச்சுக்கிச்சு. அப்புறம், "அவளுக்கு ஒரு நாளாச்சும் இப்படி வந்திருக்கக் கூடாதாடா" ன்னுச்சு.

நான் போன வச்சுட்டு கம்பெனி கேட் பக்கத்துல உக்காந்துட்டேன். ஷிப்ட்டு பஸ் போயிடுச்சு.

அவளுக்குக் காரியம் இல்ல, படம் இல்ல, விளக்கு இல்ல. அக்கா வெளிய சொல்லி அழக் கூடாது. மாமா அவ பேர எடுக்க மாட்டாரு. அப்ப அவளுக்காக யாருதான் வேண்டறது? அதனாலதான் முகம் தெரியாத உங்ககிட்ட கேக்கறேன். நீங்க எந்தச் சாமியக் கும்புடறவங்களா இருந்தாலும் பரவால்ல. கோயிலுக்குப் போனாலும், சர்ச்சுக்குப் போனாலும், பள்ளிவாசலுக்குப் போனாலும் எங்க புஜ்ஜிய ஒரு தடவ நினைச்சுக்கங்க. அவ பசியில்லாம இருக்கணும். ஜில்லுன்னு இல்லாம இருக்கணும். அவளத் தூக்கி வச்சுக்க அங்க யாராச்சும் இருக்கணும். எல்லாரும் வேண்டிக்கங்க.